ஃபார்ன்பரோ 1952: டிஎச் 110 ஒரே நொடியில் சிதறியது ஏன்?

1952 செப்டம்பர் 6, சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் ஏறத்தாழ 1,20,000 பேர் கூடியிருந்தார்கள். பிற்பகல் நான்கு மணிக்குச் சற்று முன்பு, டி ஹேவிலேண்ட் நிறுவனத்தின் டிஎச் 110 போர்விமானம் இடப்பக்கம் வளைந்து திடலை நோக்கி வந்தது. வளைவிலிருந்து நிமிர்ந்து மேலே ஏறத் தொடங்கியபோது துண்டு துண்டாகப் பிரிந்தது. விமானி ஜான் டெரி, உடன் பறந்த சோதனைப் பதிவாளர் டோனி ரிச்சர்ட்ஸ் இருவரும் இறந்தார்கள். தரையில் நின்ற பார்வையாளர்களில் 29 பேர் உயிரிழந்தார்கள், அறுபது பேர் அளவில் காயமடைந்தார்கள்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளின் ராணுவ விமான விபத்துகள் பலவற்றில் காரணம் இன்றும் அரைகுறையாகவே தெரிகிறது. இந்த விபத்தில் அது ஒரு குறிப்பிட்ட பாகம் வரை, அந்தப் பாகத்தின் வடிவமைப்பு முடிவு வரை எட்டியது. அந்த முடிவு அலட்சியத்தில் எடுக்கப்பட்டதல்ல. முந்தைய விமானங்களில் பல ஆண்டுகள் நன்றாக உழைத்த ஓர் அமைப்பை நம்பி எடுக்கப்பட்டது. விமானக் கட்டுமானம் படிக்கிறவர்கள் இந்த நிகழ்வை விடாமல் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம்.

விமானமும் விமானியும்

டிஎச் 110 இரவிலும் மோசமான வானிலையிலும் பகை விமானங்களை மறிப்பதற்கான இருவர் அமரும் போர்விமானம். இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் ஏவான் ஜெட் எஞ்சின்கள், 40 பாகை பின்சாய்ந்த இறக்கைகள், நடு உடலுக்குப் பின்னால் இரண்டு தனித்தனி வால்தண்டுகள். அதே நிறுவனத்தின் முந்தைய ஜெட் போர்விமானங்களான வாம்பயர், வெனம் ஆகியவற்றின் உருவத்தை அறிந்தவர்களுக்கு இது அதே குடும்பம் என்பது பார்த்தவுடன் புரியும். (வாம்பயர் நமக்கும் அந்நியமல்ல. 1948-இல் இந்திய விமானப்படைக்கு வந்த முதல் ஜெட் அதுதான். பின்னர் பெங்களூரில் எச்ஏஎல் உரிமம் பெற்று அதைத் தயாரித்தது.)

இரண்டு முன்மாதிரிகள் கட்டப்பட்டன. டபிள்யூஜி 236 என்ற வெள்ளி நிற விமானம் 1951 செப்டம்பர் 26 அன்று ஹாட்ஃபீல்டில் முதலில் பறந்தது. கறுப்பு வண்ணம் பூசிய டபிள்யூஜி 240 அடுத்த ஆண்டு ஜூலையில் பறந்தது. 1952 ஏப்ரலில் டபிள்யூஜி 236 மேலிருந்து கீழ்நோக்கிப் பாயும் பாய்ச்சலில் ஒலிவேகத்தைத் தாண்டியது.

ஜான் டெரி அன்றைய பிரிட்டனின் மிகத் தேர்ந்த சோதனை விமானிகளில் ஒருவர். 1948 செப்டம்பரில் டிஎச் 108 விமானத்தில் ஒலிவேகத்தைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் விமானி அவர். அந்த டிஎச் 108 வரலாறே அக்காலத்தின் விலையைச் சொல்லிவிடும். கட்டப்பட்டவை மூன்று, மூன்றும் விழுந்தன, மூன்றிலும் விமானி இறந்தார். 1946 செப்டம்பர் 27 அன்று நிறுவனரின் மகன் ஜெஃப்ரி டி ஹேவிலேண்ட் தேம்ஸ் முகத்துவாரத்தின் மேல் உடைந்த விமானத்தில் இறந்தார். மற்ற இரண்டும் 1950 பிப்ரவரியிலும் மே மாதத்திலும் போயின. ஒலிவேகத்தை நெருங்கும்போது காற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காற்றுச் சுரங்கச் சோதனையில் முழுமையாகப் பார்க்க முடியாத காலம் அது. ஆகவே வானத்திலேயே தெரிந்துகொண்டார்கள்.

அன்று நடந்தது

அன்றைக்குப் பறக்க வேண்டியது டபிள்யூஜி 240. அதில் கோளாறு ஏற்பட்டதால் டெரியும் ரிச்சர்ட்ஸும் ஹாட்ஃபீல்டுக்குப் போய் டபிள்யூஜி 236-ஐ எடுத்து வந்தார்கள். ஏறத்தாழ 40,000 அடி உயரத்திலிருந்து திடலை நோக்கிப் பாய்ந்தபோது ஒலிவெடிப்புகள் கேட்டன. ஒலிவேகத்தைத் தாண்டும் பாய்ச்சலில் அதிர்வலை விமானம் போகும் திசையை ஒட்டியே தரையை அடையும். கூட்டத்துக்கு அந்த முழக்கம் கேட்க வேண்டுமானால் மூக்கைக் கூட்டத்தை நோக்கித் திருப்பித்தான் பாய வேண்டும். அந்த ஆண்டுகளில் கண்காட்சிக்கு வந்தவர்கள் கேட்க விரும்பியதும் அந்த முழக்கத்தைத்தான்.

பாய்ச்சல் முடிந்து விமானம் ஓடுபாதையை ஒட்டித் தாழ்வாக, முழுதாகக் கடந்து சென்றது. இந்த விவரம் முக்கியம். ஒலிவெடிப்பின் அதிர்ச்சியே விமானத்தை உடைத்தது என்று நினைக்க எளிதாக இருக்கும். ஆனால் பாய்ச்சலையும் அதிலிருந்து மீண்டு எழுந்ததையும் அது தாங்கிவிட்டது. அதன்பின் இடப்பக்கம் பெரிதாக வட்டமடித்துத் திரும்பியது. அப்போதைய வேகம் ஏறத்தாழ 450 நாட், அதாவது மணிக்கு 830 கிலோமீட்டர், நொடிக்கு 230 மீட்டர். வளைவின் முடிவில் டெரி ஒரே சமயத்தில் இரண்டு செயல்களைச் செய்தார்: சாய்ந்திருந்த இறக்கைகளைச் சமன் செய்ய விமானத்தை உருட்டினார், மேலே ஏறுவதற்காக மூக்கை உயர்த்தினார்.

ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எல்லாம் முடிந்தது. இறக்கைகளின் வெளிப்பகுதிகள் பிய்ந்தன. விமானி அறை தனியே கழன்று ஓடுபாதைக்கு அருகில் நின்றவர்களின் முன் விழுந்தது. இரண்டு எஞ்சின்களும் தம் இருக்கைகளிலிருந்து பிடுங்கப்பட்டு, வந்த வேகத்திலேயே முன்னால் பறந்தன. அவற்றில் ஒன்று ஆளில்லாத இடத்தில் விழுந்தது. மற்றொன்று மக்கள் நிறைந்திருந்த குன்றின் மீது விழுந்தது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே நின்றவர்கள். எடையிழந்த நடு உடல் மட்டும் காய்ந்த இலைபோல் சுழன்று திடலின் மறுபக்கம் இறங்கியது.

ஓடுபாதையிலிருந்து சிதறல்களை அகற்றியபின் சோதனை விமானி நெவில் டியூக் ஹாக்கர் ஹண்டர் விமானத்தில் எழுந்து தன் காட்சியை நடத்தினார், அவரும் ஒலிவேகத்தைத் தாண்டினார். நிகழ்ச்சியைத் தொடர்ந்தது சரியா என்று இன்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்தில், அன்று நிறுத்தியிருக்க வேண்டும். டியூக்கின் துணிவைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் எந்த விமானத்தில் என்ன கோளாறு என்று யாருக்கும் தெரியாது. தெரியாதபோது அதே கூட்டத்தின் மேல் இன்னொரு புதிய முன்மாதிரியைப் பறக்கவிடக் கூடாது.

சாட்சியங்கள்

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1948 ஜூன் 5 அன்று, கலிஃபோர்னியாவின் மியூராக் பாலைவனத்தில் நார்த்ராப் ஒய்பி-49 என்ற வாலில்லாக் குண்டுவீச்சு விமானமும் இதேபோல் வெளி இறக்கைகளை இழந்து விழுந்தது. கேப்டன் கிளென் எட்வர்ட்ஸ் உட்பட ஐவரும் இறந்தார்கள். எட்வர்ட்ஸ் விமானத்தளம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த விமானம் என்ன செய்துகொண்டிருந்தபோது உடைந்தது என்பதை உறுதியாகச் சொல்ல யாரும் இல்லை. எஞ்சியது சிதறல் மட்டுமே.

ஃபார்ன்பரோவில் நிலைமை நேர்மாறு. ஒரு லட்சம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பலர் கையில் கேமரா இருந்தது. படமோ திரைச்சுருளோ எடுத்தவர்கள் அனுப்பித் தரும்படி ஆய்வாளர்கள் பொதுமக்களிடம் கேட்டார்கள். மக்கள் அனுப்பினார்கள், ஆயிரக்கணக்கில் கடிதங்களும் வந்தன. இதில் படங்களின் மதிப்பு ஒன்று, வாய்மொழியின் மதிப்பு வேறு. முன்பு எவரும் காணாத ஒன்று ஒரு நொடிக்குள் நடந்து முடியும்போது, எது முதலில் போனது என்று கண்ணால் வரிசைப்படுத்த முடியாது. தீயைப் பார்த்தேன், வெடித்தது, வால்தான் முதலில் போனது என்று உண்மையாகவே நம்பிச் சொல்வார்கள். சத்தம் வேறு தாமதமாக வந்து சேரும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நொடி ஆகும், அதற்குள் உடைவு முடிந்தே போயிருக்கும். திரைச்சுருளின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர அளவு தெரியும் என்பதால் அது மட்டுமே வரிசையைச் சொல்லும்.

மற்ற பாதி வேலை தரையில். இறக்கை உடைந்த விபத்தில் ஆய்வாளர் தேடுவது முதல் முறிவை. முதலில் கழன்ற இலேசான துண்டுகள் பறப்புப் பாதையின் தொடக்கத்தில் கிடக்கும். கனமானவை, எஞ்சின் போன்றவை, வெகுதூரம் முன்னே போயிருக்கும். உலோகக் களைப்பால், அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையால் மெல்ல விரிசல் வளர்ந்து முறிந்த பரப்பில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள்போல வரிவரியாகத் தெரியும். ஒரே அடியில் சுமை மிஞ்சி முறிந்தால் அந்த வரிகள் இருக்காது. தகடு இழுத்துக் கிழிந்ததா, அமுக்கி நெளிந்ததா என்பதை ரிவெட் துளைகளின் நீட்சியும் மடிப்பின் திசையும் சொல்லும். துண்டுகளை அவற்றின் இடத்தில் பொருத்திப் பார்த்தால் ஒன்று மற்றொன்றை எங்கே உரசியது என்பதும் தெரிந்துவிடும். ஃபார்ன்பரோவிலேயே இருந்த அரச விமான ஆய்வு நிலையத்துக்கு இது கைவந்த கலை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே நிறுவனத்தின் காமெட் பயணிகள் விமானங்கள் ஏன் உடைந்தன என்பதைக் கண்டுபிடித்ததும் அந்த நிலையமே.

காரணம்: முன்விளிம்பு

விடை இறக்கையின் முன்விளிம்பில், முதன்மைத் தண்டுக்கு முன்னால் இருந்த பகுதியில் கிடைத்தது.

இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் முதன்மைத் தண்டை ஸ்பார் என்பார்கள். விமானத்தைத் தூக்கும் விசையால் இறக்கை மேல்நோக்கி வளைவதை அது தாங்குகிறது. ஆனால் இறக்கை வளைவது மட்டுமல்ல, முறுக்கவும் படுகிறது. முறுக்கைத் தாங்க மூடிய குழல் வேண்டும். டி ஹேவிலேண்ட் விமானங்களில் அந்தக் குழலை முன்விளிம்பே தந்தது: முன்புறத்தைச் சுற்றி வளைந்துவரும் தோல்தகடும் பின்னால் நிற்கும் ஸ்பாரின் சுவரும் சேர்ந்தால் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் ஒரு மூடிய குழல். டி-மூக்கு என்பது அதன் வழக்குப் பெயர். எடை குறைவு, செய்வது எளிது. வாம்பயரிலும் வெனமிலும் நன்றாகவே வேலை செய்தது.

இந்த அமைப்பின் பலம் முழுவதும் தோல்தகடு நெளியாமல் இருப்பதைப் பொறுத்தது. காலி எண்ணெய் டின்னை நிமிர்த்தி வைத்து அதன் மேல் ஒருவர் நிற்கலாம். யாராவது பக்கச் சுவரில் விரலால் ஒரு குழி விழ வைத்தால் அடுத்த கணமே டின் நசுங்கிவிடும். தகரத்தின் பலம் குறையவில்லை, அதன் வடிவம் போய்விட்டது. விமான இறக்கையின் மெல்லிய தோலும் அப்படித்தான். அலுமினியம் கிழிவதற்கு வெகு முன்பே நெளிந்துவிடும். நெளிந்தவுடன் மூடிய குழல் மூடிய குழலாக இருக்காது. முறுக்கைத் தாங்கும் திறன் படிப்படியாகக் குறைவதில்லை, சட்டென்று விழுந்துவிடுகிறது.

இப்போது அந்தக் கடைசி நொடிக்கு வருவோம். மூக்கை உயர்த்தும்போது இறக்கை சுமக்கும் எடை பல மடங்காகி, இறக்கை மேல்நோக்கி வளைகிறது. மேற்புறத் தோல் அமுக்கப்படுகிறது. டி-மூக்கின் மேற்பாதியும் அதில் அடக்கம். அதே நேரம் உருட்டுவதற்காக எய்லரான்கள் என்ற அசையும் மடல்கள் திரும்புகின்றன. அவை வெளி இறக்கையின் பின்விளிம்பில் இருப்பவை. ஸ்பாருக்கு வெகு பின்னால் விசை விழுவதால் இறக்கை முறுக்கப்படுகிறது. பின்சாய்ந்த இறக்கையில் இன்னொன்றும் சேர்கிறது: நுனியில் எழும் விசை, இறக்கை உடலோடு சேரும் இடத்துக்கு வெகு பின்னால் நிற்கிறது, ஆகவே வளைவே முறுக்காகவும் அடிப்பாகத்தை அடைகிறது. நேரான இறக்கை கொண்ட வாம்பயரில் இந்தப் பங்கு ஏறத்தாழ இல்லை.

அமுக்கத்தைத் தனியாகத் தாங்கும் தகடும், முறுக்கைத் தனியாகத் தாங்கும் தகடும், இரண்டும் சேர்ந்து வரும்போது இரண்டின் எல்லைக்கும் முன்பே நெளியும். ஏறுவது மட்டும் என்றால் அந்த இறக்கை தாங்கியிருக்கும், அன்று பாய்ச்சலிலிருந்து மீண்டபோது தாங்கியதே. உருள்வது மட்டும் என்றாலும் அப்படியே. உருண்டுகொண்டே மேலெழும்பும் அந்த ஒரு கலவைதான் அதற்குத் தாளவில்லை.

வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். மணிக்கு 800 கிலோமீட்டரில் வரும் சுமையை ஒன்று என்று வைத்தால், 1,000-இல் அது 1.56. வேகம் கால்பங்குதான் கூடியது, சுமை பாதிக்கு மேல் கூடிவிட்டது. பழைய விமானத்தில் தாராளம் என்று தெரிந்த ஒரு பாகம் புதிய விமானத்தில் விளிம்பில் நிற்கும், பறப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

அதன்பின் நடந்தவை சங்கிலித் தொடர். முன்விளிம்புத் தோல் நெளிந்தது, வெளி இறக்கைகள் பிய்ந்தன. பின்சாய்ந்த இறக்கையின் வெளிப்பகுதிதான் விமானத்தின் எடை மையத்துக்குப் பின்னால் தூக்குவிசையைத் தருகிறது. அது போனவுடன் தூக்குவிசையின் மையம் முன்னால் தாவியது. மூக்கு மிகக் கடுமையாக மேலே எகிறியது, ஈர்ப்பின் 12 மடங்குக்கும் மேல். அந்த நிலையில் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள எஞ்சின் தன் தாங்கிகளைப் பன்னிரண்டு டன் கனத்தோடு இழுக்கும். எஞ்சின்களும் விமானி அறையும் வாலும் பிரிந்தது இதனால்தான். எஞ்சின் வெடித்து இறக்கை உடையவில்லை, இறக்கை உடைந்து எஞ்சின் கழன்றது. சிதறல்களை மட்டும் பார்த்தவருக்கு இந்த வரிசை தலைகீழாகத் தோன்றுவது எளிது.

விமானியின் தவறு உண்டா? இல்லை. மரண விசாரணையில் ஜூரிகள் எல்லா மரணங்களும் விபத்து என்றே முடிவு செய்தார்கள், டெரி மீது குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. உருண்டபடி ஏறுவது ஒரு போர்விமானி ஒரு நாளில் பலமுறை செய்கிற வேலை. அதைச் செய்ய முடியாத போர்விமானம் படையில் சேர்ந்திருந்தால் எத்தனை ஸ்குவாட்ரன்களில் எத்தனை பேர் போயிருப்பார்களோ, கணக்குச் சொல்ல முடியாது.

திருத்தங்கள்

இறக்கையில் செய்ய வேண்டிய திருத்தம், காரணம் தெரிந்தபின், வியக்கத்தக்க அளவு சிறியது. தட்டையான தகடு நெளியத் தேவையான அழுத்தம், அதன் தடிமனுக்கும் தாங்கல் இல்லாத அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தாங்கல்களுக்கு இடையிலான அகலத்தைப் பாதியாக்கினால் நெளியாமல் தாங்கும் திறன் நான்கு மடங்கு. வளைந்த தகட்டில் கணக்கு சற்று மாறும், திசை மாறாது. ஆகவே தகட்டைத் தடிமனாக்கி எடையைக் கூட்டாமலேயே, உள்ளே கூடுதல் விலாச் சட்டங்களும் நீளவாக்கில் ஓடும் விறைப்புக் கம்பிகளும் பொருத்தி அதை வலுவாக்க முடியும்.

கண்காட்சி விதிகள் மாறியது இன்னொரு பக்கம். ஜெட் விமானம் நேர்கோட்டில் பறந்தால் கூட்டத்திலிருந்து குறைந்தது 230 கெஜம் தள்ளியும், வளைந்து சாகசம் செய்தால் 450 கெஜம் தள்ளியும், 500 அடிக்குக் குறையாத உயரத்திலும் பறக்க வேண்டும் என்று வகுத்தார்கள். மீட்டரில் ஏறத்தாழ 210, 410. வளையும்போது இரட்டிப்பு ஏன் என்பதற்கு விடை எளிது. உடையும் விமானத்தின் துண்டுகள் வளைவைத் தொடர்வதில்லை, உடைந்த கணத்தில் மூக்கு எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையில் நேராகப் போகும்.

ஆனால் தூரம் மட்டும் போதாது என்பதைக் கணக்குப் போட்டால் காணலாம். 500 அடி, அதாவது 150 மீட்டர் உயரத்திலிருந்து கனமான ஒரு பொருள் கிடையாகப் போகும்போது கழன்றால் தரையைத் தொட ஐந்தரை நொடி ஆகும். நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அதற்குள் 1,250 மீட்டர் போய்விடும். எஞ்சின் போன்ற அடர்ந்த பொருளை அந்தச் சில நொடிகளில் காற்று பெரிதாகத் தடுக்காது. மூக்கு கூட்டத்தை நோக்கி இருந்தால் 450 கெஜம் ஒன்றுமே இல்லை. அதனால்தான் காட்சிப் பறப்பைத் திட்டமிடுகிறவர்கள் தூரத்தை அளப்பதோடு நிறுத்தாமல், எந்தக் கணத்தில் உடைந்தாலும் துண்டுகள் எங்கே விழும் என்று பாதை முழுவதையும் வரைந்து பார்க்க வேண்டும். பிரிட்டனில் அதன்பின் 2015-இல் ஷோரம் விபத்து நடக்கும் வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, விமானக் கண்காட்சியில் பொதுமக்கள் யாரும் உயிரிழக்கவில்லை.

டிஎச் 110 திட்டம் அதோடு முடிந்துவிடவில்லை. அரச விமானப்படை 1952 ஜூலையிலேயே, விபத்துக்கு முன்பே, போட்டியாளரான குளோஸ்டர் ஜாவெலினைத் தேர்ந்தெடுத்திருந்தது. கடற்படை மட்டும் ஆர்வம் காட்டியது. எஞ்சியிருந்த டபிள்யூஜி 240-இன் இறக்கையை வலுப்படுத்தி, வால் அமைப்பையும் மாற்றி மீண்டும் பறக்கவிட்டார்கள். 1954 செப்டம்பரில் அது ஆல்பியன் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தைத் தொட்டுத் தொட்டு எழும்பிச் சோதனை செய்தது. அதிலிருந்து வளர்ந்த சீ விக்சன் 1959-இல் கடற்படையில் சேர்ந்து 1972 வரை பறந்தது.